உடல் எடையின் வரவு செலவு: ஒரு நாளைக்கு எத்தனை கலோரி?

வாடிக்கையாளர்களின் வரவு செலவைப் பற்றியே இவ்விதழில் பெரும்பாலும் எழுதி வருகிறோம். இம்முறை வேறொரு வரவு செலவைப் பற்றி எழுத முற்படுகிறோம். நாங்கள் செய்த ஒரு பிழையே அதற்குக் காரணம்.

நெய்யாற்றின்கரை வட்டத்தில் பெருங்கடவிளையையும் அதைச் சூழ்ந்த ஊர்களையும் சார்ந்தது எங்கள் கிளை. சென்ற ஆண்டு எங்கள் காசாளர் ஒருவர் நாளொன்றுக்கு 1,200 கலோரி என்று அச்சிட்ட ஓர் உணவுத் தாளைப் பின்பற்றி, இரண்டு மாதங்களில் மூன்றரை கிலோ எடை குறைந்தார். நகைக்கடனுக்கு வட்டி செலுத்த வந்த ஒரு வாடிக்கையாளர் அதைக் கண்டு வியந்து, "எனக்கும் அந்தத் தாள் கிடைக்குமா சார்?" என்று கேட்டார். நாங்களும் மகிழ்ச்சியுடன் ஒரு படி எடுத்துக் கொடுத்தோம். மூன்று வாரம் கழித்து அவர் கிளைக்கு வந்தபோது, வரிசையில் நின்றவாறே தலைசுற்றிப் பக்கத்துப் பெஞ்சில் அமர்ந்துவிட்டார். "நீங்க தந்த தாளில் உள்ளபடிதான் சாப்பிட்டேன் சார், ஒரு நாளும் தவறவில்லை" என்றார்.

இருவரும் பெண்கள். உயரம், எடை, வயது ஆகியவற்றில் இருவருக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் ஒருவர் நாள் முழுதும் நாற்காலியில் அமர்ந்து பணம் எண்ணுபவர். மற்றவர் விடியுமுன் எழுந்து, மேட்டிலும் சரிவிலும் ஏறி இறங்கி ரப்பர் பால் வெட்டுபவர். ஒருவருக்கு ஏற்ற அளவு மற்றவருக்குப் பட்டினியாயிற்று. அதன் காரணத்தை நாங்கள் பிற்பாடுதான் கற்றோம். கற்றதை இங்கே வரிசையாகத் தருகிறோம்.

கலோரி என்பது என்ன?

உணவிலிருந்து உடலுக்குக் கிடைக்கும் ஆற்றலை அளக்கும் அலகே கலோரி. அன்றாடப் பேச்சில் கலோரி என்று நாம் குறிப்பது உண்மையில் கிலோ கலோரியாகும். ஒரு கிராம் மாவுச்சத்து 4 கலோரியும், ஒரு கிராம் புரதம் 4 கலோரியும், ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரியும் தருகின்றன. மதுவில் உள்ள சாராயச் சத்து கிராமுக்கு 7 கலோரி தருகிறது.

உண்பது வரவு. செலவு மூன்று வகைப்படும். முதலாவது, நாம் அசையாமல் படுத்திருந்தாலும் இதயம், மூளை, நுரையீரல், கல்லீரல் ஆகியவை இயங்குவதற்கு ஆகும் அடிப்படைச் செலவு. பெரும்பாலோருக்கு மொத்தச் செலவில் பாதிக்கு மேற்பட்டது இதுவே. இரண்டாவது, உண்டதைச் செரிப்பதற்கு ஆகும் செலவு. இது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. மூன்றாவது, உழைப்பிற்கும் நடமாட்டத்திற்கும் ஆகும் செலவு. முதலிரண்டும் ஒத்த உடலமைப்பு உடையவர்களுக்கு ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். மூன்றாவதுதான் ஆளுக்கு ஆள் பெரிதும் மாறுவது. அந்தத் தாளில் மூன்றாவது செலவுக்கு இடமே இல்லை.

நம் செலவைக் கணக்கிடுவது எப்படி?

இந்தியர்களுக்கான அளவுகளை வகுப்பது ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். இது 1918-ஆம் ஆண்டு ராபர்ட் மெக்காரிசன் என்னும் மருத்துவரால் நம் நீலகிரியின் குன்னூரில் ஓர் ஆய்வுக் கூடமாகத் தொடங்கப்பெற்று, 1958-இல் ஐதராபாத்திற்கு மாறியது. இந்நிறுவனம் 2020-இல் வெளியிட்ட அளவுகளின்படி, 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு, அமர்ந்த வேலையாயின் நாளொன்றுக்கு 2,110 கலோரியும், மிதமான உழைப்பாயின் 2,710 கலோரியும், கடும் உழைப்பாயின் 3,470 கலோரியும் தேவை. 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு இவ்வளவுகள் முறையே 1,660, 2,130, 2,720 ஆகும். அமர்ந்த வேலைக்கும் கடும் உழைப்பிற்கும் இடையே பெண்ணுக்கு ஆயிரம் கலோரிக்கு மேல் வேறுபாடு இருப்பதைக் கவனிக்க வேண்டும்.

தனக்கெனக் கணக்கிட விரும்புவோர்க்கு, 1990-இல் வெளியாகி இன்றும் வழக்கில் உள்ள மிஃப்ளின்–செயின்ட் ஜியோர் சூத்திரம் பயன்படும். எடையைக் கிலோவில் எடுத்து 10-ஆல் பெருக்குக. உயரத்தைச் சென்டிமீட்டரில் எடுத்து 6.25-ஆல் பெருக்கி அதனுடன் கூட்டுக. வயதை 5-ஆல் பெருக்கிக் கழிக்க. ஆணாயின் 5 கூட்டுக. பெண்ணாயின் 161 கழிக்க. கிடைப்பது அடிப்படைச் செலவு. அமர்ந்த வேலையாயின் அதை 1.4-ஆலும், நாள்தோறும் சில மணி நேரம் உடலுழைப்பு உடையவராயின் 1.7-ஆலும், கடும் உழைப்பாளியாயின் 2-ஆலும் பெருக்கினால் ஒரு நாளின் மொத்தச் செலவு ஏறத்தாழக் கிடைக்கும்.

45 வயது, 155 சென்டிமீட்டர் உயரம், 68 கிலோ எடை உடைய ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். எடைக்கு 680, உயரத்திற்கு 969, இரண்டும் சேர்ந்து 1,649. வயதுக்கு 225-ஐயும், பின்னர் 161-ஐயும் கழித்தால் 1,263. இவர் அமர்ந்த வேலை செய்பவராயின் நாளின் செலவு ஏறத்தாழ 1,770 கலோரி; பால் வெட்டுபவராயின் 2,150 கலோரி. இருவரும் 1,200 கலோரி உண்டால், முன்னவருக்குப் பற்றாக்குறை 570, பின்னவருக்கு 950. எங்கள் பிழை இவ்வளவு எளிய கணக்கில் அடங்கிவிட்டது.

ஆணுக்கு ஓர் எடுத்துக்காட்டு: 50 வயது, 168 சென்டிமீட்டர், 80 கிலோ. அடிப்படைச் செலவு 1,605. அமர்ந்த வேலையாயின் மொத்தச் செலவு ஏறத்தாழ 2,250.

இச்சூத்திரம் தருவது மதிப்பீடே. உண்மையான செலவு சற்றுக் கூடியோ குறைந்தோ இருக்கலாம். ஆகவே அதைத் தொடக்கமாகக் கொண்டு, எடை காட்டும் போக்கைப் பார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டும்.

எவ்வளவு குறைக்கலாம்?

உடலில் சேர்ந்த ஒரு கிலோ கொழுப்பு ஏறத்தாழ 7,700 கலோரிக்குச் சமம் என்பது பொதுக் கணக்கு. நாளொன்றுக்கு 500 கலோரி குறைத்தால் வாரத்திற்கு 3,500. அதாவது ஏறத்தாழ அரை கிலோ. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் வழிகாட்டுதலும் வாரத்திற்கு அரை கிலோ குறைவதே பாதுகாப்பானது என்கிறது. எடைக் குறைப்பு உணவு நாளொன்றுக்கு 1,000 கலோரிக்குக் கீழ் போகலாகாது என்றும் அது எச்சரிக்கிறது. இந்த 1,000 ஓர் எல்லைக் கோடு மட்டுமே. நாம் சென்று தொட வேண்டிய இலக்கு அன்று.

ஆகவே, மேற்கண்ட அமர்ந்த வேலைப் பெண்ணுக்கு 1,300 முதல் 1,400 கலோரியும், பால் வெட்டும் பெண்ணுக்கு ஏறத்தாழ 1,650 கலோரியும், அந்த ஆணுக்கு ஏறத்தாழ 1,750 கலோரியும் பொருந்தும். 'எல்லோருக்கும் 1,200' என்பது கணக்கே அன்று.

ஒரே எண் ஒருவருக்கு உணவாகவும் மற்றவருக்குப் பட்டினியாகவும் அமையும் என்பதற்கு வரலாற்றில் சான்று உண்டு. இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944–45-இல், அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர் 36 இளைஞர்களைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தினார். அவர்கள் தாமாக முன்வந்தவர்கள். 24 வாரங்களுக்கு அவர்களுக்குச் சராசரியாக நாளொன்றுக்கு 1,600 கலோரிக்குச் சற்றுக் குறைவாக உணவளிக்கப்பட்டது. வாரந்தோறும் ஏறத்தாழ 35 கிலோமீட்டர் நடக்கவும் வேண்டியிருந்தது. அவர்கள் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை இழந்தனர். சோர்வும் மனத்தளர்ச்சியும் உற்றனர். எந்நேரமும் உணவையே எண்ணிக்கொண்டிருந்தனர். கிளையில் அமர்ந்து வேலை செய்யும் ஒரு பெண்ணுக்கு அதே 1,600 கலோரி பட்டினி ஆகாது. உழைக்கும் மெலிந்த இளைஞனுக்கு அது பட்டினி.

மற்றொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். எடை குறையக் குறைய உடலின் செலவும் குறையும். 68 கிலோவிலிருந்து 64 கிலோவுக்கு வந்த பெண்ணின் நாள் செலவு ஏறத்தாழ 55 கலோரி குறைந்துவிடுகிறது. ஆதலால் முதல் மாதத்தின் வேகம் ஆறாம் மாதத்தில் இராது. இது தோல்வி அன்று, கணக்கின் இயல்பு. சிலர் இவ்விடத்தில் மனம் தளர்ந்து உணவை மேலும் வெட்டுகின்றனர். அதனால் கொழுப்போடு தசையும் கரைகிறது. தசை குறைந்தால் அடிப்படைச் செலவும் குறையும். பின்னர்ப் பழைய உணவுக்குத் திரும்பியதும் எடை விரைந்து ஏறும்.

நம் ஊர்த் தட்டு

இப்பகுதி மக்களுக்குக் கலோரிப் பற்றாக்குறை புதிதன்று. திருவிதாங்கூரை 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா மரச்சீனிப் பயிரை ஊக்குவித்தார். 1942-இல் பர்மா அரிசி வரவு நின்றபோது பசியைத் தாங்கியது அந்தக் கிழங்கே. அன்று வயிற்றை நிரப்புவதே பெரும்பாடு. இன்று நிலைமை தலைகீழ். 2019–21-இல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி, கேரளத்தில் பெண்களில் 38.1 விழுக்காட்டினரும் ஆண்களில் 36.4 விழுக்காட்டினரும் மிகை எடை உடையவர்கள். தமிழ்நாட்டில் இது முறையே 40.4, 37.0 விழுக்காடு. நாடு முழுமைக்கும் பெண்களில் 24.0 விழுக்காடே.

மரச்சீனியையோ சோற்றையோ பழிப்பதில் பயனில்லை. அவித்த மரச்சீனி 100 கிராம் ஏறத்தாழ 150 கலோரி. வெந்த சோறு 100 கிராம் ஏறத்தாழ 130 கலோரி. சிக்கல் இருப்பது இரண்டையும் ஒரே வேளையில் உண்பதிலும், கண்ணுக்குத் தெரியாமல் சேரும் எண்ணெயிலும் சர்க்கரையிலும்தான்.

தேங்காய் எண்ணெய் ஒரு தேக்கரண்டி 45 கலோரி. நால்வர் உள்ள குடும்பம் மாதம் நான்கு லிட்டர் எண்ணெய் வாங்கினால், ஆளொன்றுக்கு நாளும் ஏறத்தாழ 275 கலோரி எண்ணெயிலிருந்தே வருகிறது. ஒரு லிட்டரைக் குறைத்தால் ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்கு 70 கலோரி மிச்சம். சர்க்கரை ஒரு தேக்கரண்டி 20 கலோரி. இரண்டு கரண்டி சர்க்கரையுடன் நாளுக்கு மூன்று தேநீர் அருந்தினால் சர்க்கரையால் மட்டும் 120 கலோரி. ஏத்தங்காய் வற்றல் 50 கிராம் 250 கலோரிக்கு மேல். மாலையில் தேநீருடன் உண்ணும் ஒரு பழம்பொரி ஏறத்தாழ 200 கலோரி. 68 கிலோ எடையுள்ளவர் அரை மணி நேரம் விரைந்து நடந்தால் செலவாவது ஏறத்தாழ 120 கலோரியே. நடையால் ஒரு பழம்பொரியை ஈடு செய்ய ஏறக்குறைய ஒரு மணி நேரம் வேண்டும். நடை உடலுக்கு மிக நல்லது; ஆனால் எடையைப் பொறுத்தவரை கையை முதலில் தட்டில் அடக்குவதே எளிது.

ஏறத்தாழ 1,425 கலோரிக்கு ஒரு நாள் உணவு இவ்வாறு அமையலாம்:

காலை: பாலும் ஒரு கரண்டி சர்க்கரையும் சேர்ந்த தேநீர் — 85 கலோரி.

காலை உணவு: 60 கிராம் அரிசி மாவிலும் 15 கிராம் தேங்காய்த் துருவலிலும் செய்த புட்டு, 30 கிராம் சிறுபயறு அவித்தது — 375 கலோரி.

மதியம்: 60 கிராம் அரிசியின் சோறு, 100 கிராம் சாளை மீன் குழம்பு, ஒரு கரண்டி எண்ணெயில் செய்த காய்கறித் தோரன், ஒரு தம்ளர் மோர் — 550 கலோரி.

மாலை: சர்க்கரையில்லாத பால் தேநீர்; ஒரு சிறிய வாழைப்பழம் — 140 கலோரி.

இரவு: 40 கிராம் அரிசியின் கஞ்சி, 25 கிராம் பயறு, கீரை அல்லது காய்கறி — 275 கலோரி.

அரிசி, மாவு, பயறு ஆகியவற்றின் அளவுகள் சமைக்குமுன் எடுத்தவை. பெண்களுக்கு நாளொன்றுக்குப் பரிந்துரைக்கப்பட்ட 46 கிராம் புரதம் மீன், பயறு, பால் ஆகியவற்றால் இதில் கிடைத்துவிடும். மீன் உண்ணாதவர் பயறையும் மோரையும் கூட்டிக்கொள்ளலாம். பால் வெட்டும் பெண் இதனுடன் ஓர் அவித்த முட்டையும் 100 கிராம் மரச்சீனியும் சேர்த்துக்கொண்டால் 1,650 கலோரி ஆகிவிடும். தன் ஊர்க் கிழங்கை அவர் விட்டுவிட வேண்டியதில்லை.

நெய்யாற்றின்கரை கற்பித்த பாடம்

கணக்குத் தெரிந்தும் பலரால் அதைக் கடைப்பிடிக்க முடிவதில்லை. இதற்கு விடை தேடிய ஓர் ஆய்வு நம் வட்டத்திலேயே நடந்தது என்பது பலர் அறியாதது. கேரள நீரிழிவுத் தடுப்புத் திட்டம் என்னும் அந்த ஆய்வு, நெய்யாற்றின்கரை வட்டத்தின் 60 வாக்குச்சாவடிப் பகுதிகளில், நீரிழிவு வரும் வாய்ப்பு மிகுந்த 1,007 பேரைக் கொண்டு நடத்தப்பட்டது. பாதிப் பகுதிகளில் ஊர்க்காரர்களே தலைமையேற்ற குழுக்கள் ஓராண்டு காலம் கூடிப் பேசின. உணவு, நடை, புகை, மது ஆகியவை பற்றி ஒருவரையொருவர் ஊக்குவித்தன. மறுபாதிக்குப் பொதுவான அறிவுரைக் கையேடு மட்டும் தரப்பட்டது.

முடிவுகள் 2018-இல் வெளியாயின. இரண்டு ஆண்டுகளில் குழுக்கள் இருந்த பகுதிகளில் 14.9 விழுக்காட்டினருக்கும், மற்றப் பகுதிகளில் 17.1 விழுக்காட்டினருக்கும் நீரிழிவு வந்தது. இவ்வேறுபாடு தற்செயலாகவும் இருக்கலாம் என்று ஆய்வாளர்களே ஒப்புக்கொண்டனர். ஆனால் குழுவில் இருந்தோரிடம் காய்கறி, பழம் உண்பது கூடியது, மது குறைந்தது, நீரிழிவு அபாய மதிப்பெண் இறங்கியது. தனியே ஒரு தாளை வைத்துக்கொண்டு போராடுவதைவிட, அண்டை வீட்டாருடன் சேர்ந்து மாறுவது எளிது என்பதே இதிலிருந்து நாம் கொள்ளத்தக்க பாடம்.

சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர் 531 பேரிடம் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வு மற்றோர் ஆறுதலைத் தருகிறது. உணவையும் உடலுழைப்பையும் திருத்திக்கொண்டவர்களின் எடை பெரிதாகக் குறையவில்லை. ஆயினும் அவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்தது. எடை காட்டும் முள் நகராத வாரங்களிலும் உடலுக்குள் நன்மை நடந்துகொண்டிருக்கலாம்.

தொடங்குமுன் கவனிக்க வேண்டியவை

முதலில் எடை குறைப்பது தேவைதானா என்று பார்க்க வேண்டும். எடையைக் கிலோவிலும் உயரத்தை மீட்டரிலும் எடுத்து, எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது உடல் நிறை குறியீடு. இந்தியருக்கு 23-க்கு மேல் மிகை எடை என்றும், 25-க்கு மேல் உடற்பருமன் என்றும் கொள்கின்றனர். இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டலாகாது.

இன்சுலினோ நீரிழிவு மாத்திரையோ எடுப்பவர் மருத்துவரைக் கேளாமல் உணவைக் குறைத்தால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடக்கூடும். கருவுற்றவர், பாலூட்டுபவர், வளரும் பிள்ளைகள், சிறுநீரக நோயாளிகள், முதியவர்கள் ஆகியோரும் தாமாக இதில் இறங்கலாகாது.

முதல் இலக்கு பெரிதாக இருக்க வேண்டியதில்லை. உள்ள எடையில் 5 விழுக்காடு குறைந்தாலே இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பலருக்குச் சீராகத் தொடங்கும். 68 கிலோ உடையவருக்கு அது மூன்றரை கிலோவுக்குள் அடங்கும். எடையை வாரத்திற்கு ஒருமுறை, ஒரே கிழமையில், காலையில் உண்ணுமுன் பார்த்துக் குறித்து வைப்பது நன்று. உடலில் நீர் ஏறி இறங்குவதால் நாள்தோறும் எடை மாறும். ஒருநாள் ஏற்றத்தைக் கண்டு கலங்க வேண்டாம். நான்கு வாரக் குறிப்பைச் சேர்த்துப் பார்த்தாலே போக்குத் தெரியும். வாரத்திற்கு ஒரு கிலோவுக்கு மேல் தொடர்ந்து குறைந்தாலோ, தலைசுற்றல், மிகுந்த களைப்பு, முடி உதிர்தல் ஆகியவை கண்டாலோ உணவைக் கூட்டிக்கொண்டு மருத்துவரை நாட வேண்டும்.

எங்கள் வாடிக்கையாளரை அன்றே மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். இரத்த அழுத்தம் தாழ்ந்திருந்தது; வேறு குறையில்லை. "உழைக்கிற உடம்பம்மா, கஞ்சியைக் கூட்டுங்கள், எண்ணெயைக் குறையுங்கள்" என்றார் மருத்துவர். அந்த அம்மா அப்படியே செய்தார். இப்போது அண்டை வீட்டுப் பெண்கள் மூவருடன் மாலையில் அருவிப்புறம் பக்கமாக நடந்துவருகிறார். ஆறு மாதத்தில் மூன்று கிலோவுக்குச் சற்று மேல் குறைந்திருக்கிறார். சென்ற மாதம் நகையை மீட்க வந்தபோது இதைச் சொல்லிச் சிரித்தார்.

1,200 கலோரித் தாளின் படிகளை எங்கள் கிளையிலிருந்து அகற்றிவிட்டோம். எடை குறைப்பது பற்றி யாரேனும் கேட்டால், இப்போது எந்த எண்ணையும் சொல்வதற்கு முன் "நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள்?" என்றே முதலில் கேட்கிறோம்.